தச்சர் இறக்கிய அலமாரி

தச்சருக்கு ஒரு வியாதி உண்டு. எதுவும் சரியில்லாமல் இருப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார். நாற்காலி ஆடினால் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகுவார். அது யார் வீட்டுக் கதவு, யார் வீட்டு நாற்காலி என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர், அந்த நாற்காலியின் கைப்பிடி ஆடுகிறதே என்று பாதியில் எழுந்து, திருகாணியை முடுக்கிவிட்டுத்தான் மறுபடி வாயைத் திறந்தார். டாக்டர் நன்றி சொன்னாரா திட்டினாரா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. வாய் மரத்துப் போயிருந்ததால் திருப்பிக் கேட்கவும் முடியவில்லை.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவிக்குக் கையைத் தூக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? வீடே கீழே இறங்கிவிடும். இறங்கித்தான் விட்டது.

அவர் மனைவி பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருப்பவள். ஒரு நாள் காலையில் கழுவிவிட்ட தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றிக்கொண்டு விழுந்தாள். தோளுக்குக் கீழே எலும்பில் விரிசல். கழுத்தில் தொட்டில் கட்டி, அதில் கையைக் குழந்தை மாதிரி போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் இருந்தாள். எலும்பு கூடிவிட்டது, தொட்டிலும் கழன்றது. கைதான் ஏறவில்லை. தோள் மட்டம் வரை வரும், அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் போனால் முகம் சுருங்கும், பல்லைக் கடிப்பாள், கை தானாகவே இறங்கிவிடும்.

தோளுக்கு மேல் கை போகாதவள் எப்படி முடி வெட்டுவாள்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் உச்சந்தலை, நிற்பவளின் நெஞ்சுக்கு மேலே இருக்கிறது. முடியை வாரி மேலே தூக்கிப் பிடித்து நுனி வெட்ட வேண்டும். முடி உலர்த்தும் மிஷினைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்லரைத் தங்கை பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண்தான், ஆனாலும் வருகிற ஒவ்வொருத்தியும் கதவைத் திறந்ததும் கேட்டது, "அக்கா எப்ப வருவாங்க?" என்றுதான். அதைத் தங்கை போனில் சொல்வாள். அக்காவுக்குக் கேட்கச் சந்தோஷமாகவும் இருக்கும், போனை வைத்தபின் அழுகையாகவும் வரும்.

தச்சரால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? முதலில் சமையலறை அலமாரியை இறக்கினார். உப்பு, சர்க்கரை, டீத்தூள் டப்பாக்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்தன. பிறகு பால்கனியில் துணி காயப்போடும் கொடியை இறக்கினார். போர்வை தரையைப் பெருக்கியது. குளியலறைக் கண்ணாடியை இறக்கினார், அதன்பின் அவர் முகச்சவரம் செய்ய முழங்காலை மடக்கி நிற்க வேண்டியிருந்தது. பையை மாட்டும் கொக்கி, திரைச்சீலைக் கம்பி, சுவரில் இருந்த குடும்பப் படம்கூடத் தப்பவில்லை. படத்துக்கும் அவள் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. துடைக்க வேண்டாமா?

"வீட்டுக்கு வர்றவங்க, இங்க குள்ளர்கள் குடியிருக்காங்களான்னு கேக்கப் போறாங்க" என்றாள் மனைவி.

"கேக்கட்டும். உனக்கு வசதியா இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

"இருக்கு."

அந்த ஒரு சொல் போதும் அவருக்கு. அன்றைக்கு இரண்டு தட்டு அதிகமாகச் சாப்பிட்டார்.

கடைசியாகப் போனபோது அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு அருமையா கூடியிருக்கு. இனிமே என் வேலை இல்ல. பிசியோதெரபி பண்ணணும். சீக்கிரம் ஆரம்பிங்க. விட்டுட்டா தோள் இப்படியே இறுகிடும், அப்புறம் நானே வந்தாலும் திறக்க முடியாது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு இருந்தது. அங்கே கேட்டபோது அவர்கள் கொடுத்த தேதி அடுத்த வருஷத்தில் இருந்தது. வெளியே, வீட்டுக்குப் பக்கத்தில், அரசுக் காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொள்கிற யாரையாவது பாருங்கள் என்றார்கள்.

"அவ்வளவுதானே" என்றார் தச்சர். பாவம், அவருக்கு அப்போது தெரியாது.

சாப்பிட்டு முடித்த மேசையில் போனை வைத்துக்கொண்டு, காப்பீட்டுக்காரர்களின் இணையப் பக்கத்தில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். முதல் இடத்தில் எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள்.

"கவர்மென்ட் இன்சூரன்ஸ் எடுப்பீங்களாம்மா?"

"எடுப்போம் சார். ஆனா இப்ப எடுக்கறதில்ல."

"அப்ப எப்ப எடுப்பீங்க?"

"முன்னாடி எடுத்தோம் சார்."

இரண்டாவது எண்ணில் இப்போது மீன் தொட்டி விற்கிறவர் இருந்தார். தங்கமான மனுஷன், "எங்க கடைக்குக் கார்டெல்லாம் வேணாம் ஐயா, எப்ப வேணா வாங்க" என்றார். இன்னோர் இடத்தில் அட்டையை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் முழங்காலுக்கு மட்டும்தான் பார்ப்பார்களாம். வேறோர் இடத்தில் புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்திப் பல மாதம் ஆகிறதாம். மற்ற இடங்களில் நலம் விசாரித்து, எந்தக் கை, எப்போது விழுந்தார்கள் என்றெல்லாம் அன்பொழுகக் கேட்டார்கள். அட்டையின் பேரைச் சொன்னதும் குரல் மாறும். கதவு சாத்துகிற சத்தம் போனிலேயே கேட்கும். கைக்காசு போட்டு வாரா வாரம் போகிற நிலையில் குடும்பம் இல்லை. பார்லர் வருமானம் பாதியாகியிருந்தது.

"விடுங்க" என்றாள் மனைவி ஒரு நாள். "இருக்கிற கைய வச்சுக்கிட்டு ஏதோ பண்ணிக்கறேன். தங்கச்சி வெட்டட்டும். நான் நகத்துக்குப் பாலிஷ் போடறேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கத்தரிக்கோல் பிடித்த நாளிலிருந்து அவளைப் பார்த்து வருகிறவர் தச்சர். ஒரு தலையைப் பார்த்தவுடன் அதற்கு எந்த வெட்டு பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். பஸ்ஸிலும் கடையிலும் முன்னால் நிற்கிறவர்களின் பின்னந்தலையைப் பார்த்து, "யாரோ நாசம் பண்ணியிருக்காங்க" என்று பெருமூச்சு விடுவாள். அவளா நகத்துக்குப் பாலிஷ் போடுவது?

மறுநாள் காப்பீட்டுக்காரர்களின் உதவி எண்ணையே கூப்பிட்டார். பட்டறையில் ஜன்னல் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார், போனை ஒலிபெருக்கியில் போட்டு மரத்தூளுக்கு நடுவே வைத்தார். சங்கீதம் ஓடிற்று. இடையிடையே ஒரு குரல், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றது. "எனக்கும்தாம்மா" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார். சட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் இழைத்து முடித்தார். மறுபக்கத்தைத் திருப்பியபோது, "வணக்கம், சொல்லுங்க" என்றது போன். இதுவும் இயந்திரம்தான் என்று அவர் பாட்டுக்கு இழைத்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, சார்? அங்க ஏதாவது மிஷின் ஓடுதா? இருக்கீங்களா?"

இழைப்புளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு அன்றைக்கு என்ன நல்ல மனநிலையோ, அவர் மூச்சுவிடாமல் கொட்டியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். மீன் தொட்டிக்காரர் வரைக்கும் கேட்டுச் சிரித்தாள்.

"நீங்க பாக்குற பக்கம் பழசு சார். புதுசா சேர்ந்தவங்க அதுல வர நாளாகும். என் ஸ்கிரீன்ல தெரியும், இருங்க... உங்க ஏரியாலயே ஒருத்தங்க இப்பத்தான் சேர்ந்திருக்காங்க. போன் பண்ணும்போது 'எடுப்பீங்களா'ன்னு மட்டும் கேக்காதீங்க. 'திட்டத்துல இருக்கீங்களா, புது ஆளச் சேர்த்துக்கறீங்களா, தோளுக்குப் பாப்பீங்களா'ன்னு மூணையும் சேர்த்துக் கேளுங்க. டாக்டர் சீட்டு கையில இருக்குல்ல?"

"இருக்கும்மா. நீ நல்லா இருக்கணும்."

விலாசத்தைக் கேட்டவர் அசந்துபோனார். அவர் ப்ளைவுட் வாங்குகிற சந்து அது. மாதத்தில் பாதி நாள் அங்கேதான் நிற்கிறார். சாவி செய்கிற கடைக்கு மேல் மாடி. பலகையைத் தோளில் சுமந்துகொண்டு குனிந்தே போனவர், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

அங்கே போன் போட்டார், மூன்று கேள்விக்கும் "ஆமாம்" என்றே பதில் வந்தது. தச்சர் போனை வைத்துவிட்டு, பட்டறையில் யாரும் இல்லாததால் ஒரு சின்ன ஆட்டம் போட்டார்.

மாடியில் ஒரே அறை. சுவரோரம் கட்டில், ஒரு பெரிய ரப்பர் பந்து, சுவரில் ஏணி மாதிரி மரக்கட்டைகள். கீழேயிருந்து சாவி ராவுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பிசியோதெரபிஸ்ட் என்ற சொல் தச்சரின் வாயில் கடைசிவரை முழுதாக நுழையவில்லை, அதனால் "பிசியோ அம்மா" என்றே கூப்பிட்டார். உருண்டையான முகம், முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, எதற்கும் அவசரப்படாத பேச்சு. அவள் வயசில் அவருக்கு ஒரு தம்பி மகள் இருக்கிறாள்.

தச்சர் உட்கார்ந்த உடனேயே கட்டிலின் ஒரு காலை ஆட்டிப் பார்த்தார்.

"சார், அது ஆடாது. ஆட்டாதீங்க" என்றாள் பிசியோ அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மனைவியைக் கட்டிலில் படுக்கவைத்து, கையை இரண்டு உள்ளங்கைகளில் ஏந்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெல்ல மெல்லத் தூக்கினாள். தோள் மட்டத்தைத் தாண்டிற்று. காதுப் பக்கம் போயிற்று. தச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்து உட்காரச் சொல்லி, நீங்களாகத் தூக்குங்கள் என்றாள். தோள் மட்டத்தோடு நின்றது. இரண்டு கைகள் கொண்ட ஒரு கோணமானியைத் தோளில் வைத்து அளந்து குறித்துக்கொண்டாள். சாய்வு பார்க்கத் தம்மிடம் இருக்கிற கோணமட்டத்தைப் போலவே இருக்கிறதே என்று தச்சருக்கு அந்தக் கருவியின் மேல் பிரியம் உண்டாயிற்று.

"அக்கா, மூட்டு திறந்துதான் இருக்கு. நான் தூக்கினா வருது. நீங்க தூக்கும்போது பயம் பிடிச்சு நிறுத்திடுது, தசையும் வேலை மறந்து கிடக்கு. ரெண்டையும் பழக்கணும். பழக்கலன்னா அப்புறம் நிஜமாவே இறுகிடும். சரி, வீட்டுல கைய எவ்வளவு உயரம் தூக்கறீங்க?"

"தூக்கத் தேவையே இல்லம்மா. இவர் எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டார்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்" என்றார் தச்சர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அலமாரி, கொடி, கண்ணாடி, கொக்கி என்று வரிசையாகச் சொன்னார். குடும்பப் படத்தைச் சொல்லும்போதுதான் பிசியோ அம்மாவின் முகத்தைக் கவனித்தார். அதில் பாராட்டு இல்லை.

"சார், கோபப்படக் கூடாது. நீங்க வீட்ட இறக்க இறக்க, தோளும் கூடவே இறங்கியிருக்கு. எல்லாத்தையும் திரும்ப ஏத்துங்க. ஒரே நாள்ல வேணாம். வாரா வாரம் ஒரு விரல்கடை. அவங்க எட்டி எடுக்கணும். கஷ்டப்படுவாங்க. நீங்க பாத்துக்கிட்டு நிக்கணும், கிட்ட வரக் கூடாது."

"வலிக்குமே?"

"வலிக்கும். அது கெடுதல் பண்ற வலி இல்ல. எது கெடுதல்னு அக்காகிட்ட நான் சொல்லித் தர்றேன்."

தச்சர் படிகளில் தடதடவென்று இறங்கினார். ராத்திரி பகலாக உழைத்து இறக்கியதை எல்லாம் ஒரே வாக்கியத்தில் தப்பு என்று சொல்லிவிட்டாளே என்று மனசு கிடந்து குமுறியது. "உங்க அன்பு தப்புன்னா சொன்னா? ஷெல்ஃபைத்தானே தப்புன்னா?" என்று மனைவி சமாதானம் சொன்னாள். அப்படியும் ஆறவில்லை. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் தச்சர் தச்சர்தான். அலமாரியின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுப் பிசகாமல் துளை போட்டார். மர முளைகள் சீவினார். முளையைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினால் பலகை ஒரு விரல்கடை ஏறும். கொடிக்கும் கொக்கிக்கும் அதே ஏற்பாடு. இவ்வளவு நேர்த்தியாகத் தம்மைத் தாமே எதிர்த்து வேலை செய்த தச்சர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்.

வாரத்தின் முதல் நாள் பலகையை ஏற்றுவார். "ஏத்தியாச்சு" என்று அறிவிப்பார். மனைவி வந்து நிற்பாள். வலது கை மெதுவாக மேலே போகும். தோள் மட்டம் வந்ததும் உதட்டைக் கடிப்பாள். நெற்றியில் வேர்வை அரும்பும். விரல் நுனி டப்பாவைத் தொடும், நழுவும், மறுபடி தொடும். தச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தம் விரல்களைத் தாமே நெரித்துக்கொண்டு நிற்பார். அவளுக்கு வலித்தது தோளில் மட்டும்தான். இவருக்கு எங்கெங்கேயோ வலித்தது.

ஒரு நாள் அவள் டப்பாவை எடுத்துவிட்டுத் திரும்பியபோது கண்ணில் நீர் நின்றது. "ஒண்ணுமில்ல, டீ போடறேன்" என்றாள். அன்றைக்குத்தான் அந்த மகா பாதகம் நடந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில், தச்சர் முளைகளைப் பிடுங்கி, பலகையைப் பழைய துளைக்கே இறக்கிவிட்டார். ஒரே ஒரு நாளைக்கு, அவள் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்றுதான் நினைத்தார். மறுநாள் அவள் எட்டினாள், சுலபமாக எடுத்தாள். எடுத்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கப்புறம் அவரால் எப்படி உண்மையைச் சொல்ல முடியும்?

ஒருநாள் வாரக்கணக்கானது. "ஏத்தியாச்சு" என்று சொல்வார், ஏற்றுவார், அவள் குளிக்கப் போனதும் இறக்குவார். மாடியறைக்குப் போகிற நாட்களில் அவள் உற்சாகமாகக் கிளம்புவாள். துளைகளை அவள் எண்ணியதே இல்லை. மரம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கணவரைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

காப்பீட்டில் முதல் தவணைச் சிகிச்சைக்கு அனுமதித்த நாட்கள் முடிகிற நேரம் வந்தது. பிசியோ அம்மா கோணமானியை எடுத்தாள். அளந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி அளந்தாள். முதல் நாள் அளவுக்கும் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசமே இல்லை.

"புரியலையே. இங்க படுக்க வச்சா முழுசா வருது. வீட்டுல ஷெல்ஃப் ஏறுதுல்ல அக்கா?"

"வாரா வாரம் ஏத்தறார்மா. நானும் எட்டறேன். இப்ப எவ்வளவு சுலபமா எட்டறேன் தெரியுமா?"

பிசியோ அம்மா மெல்லத் திரும்பித் தச்சரைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். தச்சர் கூரையைப் பார்த்தார்.

"அவ அழுதா" என்றார் கடைசியில், சின்னக் குரலில். "என்னால பாக்க முடியல. இறக்கிட்டேன்."

பிசியோ அம்மா கோணமானியை மடித்துக் கட்டிலில் வைத்தாள்.

பிசியோ அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் பெருமூச்சு விட்டுவிட்டு நிலைமையைச் சொன்னாள். அளவு ஏறியிருந்தால்தான் காப்பீட்டில் அடுத்த தவணை கிடைக்கும். ஏறாவிட்டால் பலன் இல்லை என்று நிறுத்திவிடுவார்கள். நாளை சாயங்காலத்துக்குள் அவள் எழுதி அனுப்பியாக வேண்டும். "நான் பொய் எழுத மாட்டேன் அக்கா. ஆபீஸுக்கு நேர்ல போய்க் கேட்டுப் பாருங்க. சில சமயம் கொஞ்சம் நாள் தருவாங்க. தராமலும் போகலாம்."

 வீட்டுக்கு வந்ததும் மனைவி நேரே சமையலறைக்குப் போய் துளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பாடு போட்டாள். படுத்துக்கொண்டாள். திட்டுகிறவள் திட்டாமல் இருந்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்பது கல்யாணமானவர்களுக்குத்தான் தெரியும். தச்சர் விடிகிறவரை கண்ணை மூடவில்லை. அவளுடைய கையை உடைத்தது ஈரத் தரை, அதைக் கெடுத்தது நான்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

காலையில் காப்பீட்டு ஆபீஸுக்குப் பஸ் ஏறினார்கள். பிதுங்கி வழிகிற கூட்டம், உட்கார இடமில்லை. மனைவி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையால் ஒரு சீட்டின் முதுகைப் பிடித்து நின்றாள். இவர் அவள் பின்னால், இரண்டு கைகளையும் அணை மாதிரி விரித்தபடி நின்றார். பஸ் கொஞ்சம் குலுங்கினாலும் கைகள் முன்னே போகும், அவள் நிமிர்ந்ததும் பின்னே வரும். அவள் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். கையை மடக்கிக்கொண்டார்.

ஒரு திருப்பத்தில் எவனோ குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். சீட்டு முதுகைப் பிடித்திருந்த கை நழுவிற்று. கூட்டமே முன்னால் சரிந்தது. தச்சர் "ஐயோ" என்று தாவினார், ஆனால் அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பெரிய பை வந்து விழுந்துவிட்டது. பஸ் நின்று, மறுபடி கிளம்பி, எல்லாரும் நிமிர்ந்தபோது அவள் விழாமல் நின்றுகொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அங்கேயே வெடித்தது.

"பாத்தீங்களா? நீங்க பிடிக்காட்டியும் நான் நிப்பேன்! வலி எனக்கா, உங்களுக்கா? எனக்கு வலிச்சா நான் சொல்ல மாட்டேனா? என் கையப் பத்தி முடிவு பண்ண நீங்க யாரு?"

"தப்புதான்" என்று ஆரம்பித்த தச்சர் அப்படியே நின்றார். அவர் கண் மேலே போயிற்று.

கூரையை ஒட்டி ஓடுகிற கம்பியை அவளுடைய வலது கை பிடித்திருந்தது. முழங்கை நிமிர்ந்து, விரல்கள் ஐந்தும் இறுக்கிப் பிடித்திருந்தன. காதை ஒட்டிக் கை நின்றது. அவளுக்கே அது தெரியவில்லை.

தச்சரின் வாய் திறந்தது. "உன் கை" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அவள் பார்ப்பாள். பார்த்தால் பயம் வரும், கை இறங்கிவிடும். வாழ்க்கையில் முதன்முறையாக, கண்முன்னே நடக்கிற ஒன்றில் கை வைக்காமல், வாய் வைக்காமல், பேசாமல் நின்றார். நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஒவ்வொரு தடவையும் எட்டும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அடுத்த மாசம் வந்துடுவேன்டின்னு சொன்னேன். அவ அழுதா. அதெல்லாம் பொய்யாக்கிட்டீங்களே! எனக்கு வசதி வேணாம், எனக்கு என் கை வேணும். புரியுதா?"

"புரியுது. சொல்லு."

"என்ன சொல்லு? நல்லா இருக்கே, கத கேக்கற மாதிரி நிக்கறீங்க!"

"இல்ல, நீ சொல்லு. இன்னும் சொல்லு."

அவள் சொன்னாள். அவர் குழந்தையாக இருந்தபோது அவர் அம்மா செய்த தவறுகள்வரை போனாள். ஜன்னலோரம் இருந்த ஒரு கல்லூரிப் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். பஸ் இரண்டு முறை குலுங்கியது, கம்பியைப் பிடித்த கை இன்னும் இறுகியதே தவிர இறங்கவில்லை. காப்பீட்டு ஆபீஸ் நிறுத்தம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். தச்சர் இறங்கவில்லை. பஸ் கிளம்பிற்று. திட்டு விழ விழ அவருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அதைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"எதுக்கு இப்ப அழறீங்க? நான் அவ்வளவா திட்டிட்டேன்?" என்றவள் வெளியே பார்த்தாள். "ஐயையோ, ஆபீஸ் போயிடுச்சே! நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

 அவர் பார்வை எங்கே இருக்கிறது என்று அவளே தொடர்ந்து, அண்ணாந்து பார்த்தாள். கம்பியையும் அதில் இருந்த கையையும், அது யாருடையதோ என்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். தச்சர் தம் கைகளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

கை இறங்கவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது" என்றாள். "இருக்கட்டும்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, சாவிக்கடைச் சந்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். பிசியோ அம்மா மறுபடி அளந்து எழுதி அனுப்பச் சாயங்காலம்வரை நேரம் இருந்தது. அந்தப் பஸ் ஏறக்குறைய காலி, உட்கார எங்கு பார்த்தாலும் இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை.